சத்தம் வராத வில்லை

எந்தப் பொருளையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் அபிப்பிராயம் சொல்வார். அபிப்பிராயம் சொல்லாமல் விட்ட பொருள் ஏதாவது உண்டா என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. தண்டையார்பேட்டை ரயில்வே யார்டில் அவருக்குச் சக்கரம் தட்டுகிற உத்தியோகம். கூட்ஸ் வண்டி வந்து நின்றதும், நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலோடு ஒரு கோடியில் ஆரம்பித்து மறு கோடிவரை ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் கணீரென்று கேட்கும். கீறல் விழுந்த சக்கரம் டொக்கென்று கேட்கும். அந்த வித்தியாசத்தைக் கேட்டுச் சொல்லத்தான் சர்க்கார் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. சக்கரத்தோடு நிறுத்திக்கொள் என்று யாரும் உத்தரவு போடாததால், மிச்சமிருந்த உலகத்தையும் அவர் சம்பளமில்லாமல் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதே யார்டில் வேகன் நம்பர் எழுதும் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன். ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாலு வருஷம் அவர் வீட்டு ஓரத்து அறையில் குடியிருந்தேன். சாப்பாடும் அவர் வீட்டிலேயே. ஆகவே பகலெல்லாம் யார்டில் ஒரு டொக்கு, ராத்திரி சோற்றுத் தட்டில் ஒரு டொக்கு என்று இரண்டையும் கேட்கிற பாக்கியம் எனக்கு மட்டுமே கிடைத்தது. அவரை நான் அண்ணாத்தே என்பேன். அவர் மனைவியை அண்ணி என்பேன். அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

தெருவில் பானைக்காரி வந்தால் எல்லோரும்தான் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். இவர் கூடையில் இருக்கிற அத்தனை பானையையும் இறக்கச் சொல்லி, வரிசையாக வைத்து, காதைச் சாய்த்துச் சாய்த்துத் தட்டி, கடைசியில் ஒன்றுமே தேறாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போவார். ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல், “இன்னா நைனா, நீ பானை வாங்க வந்தியா, மேளம் வாங்க வந்தியா?” என்று கேட்டாள். அதற்கும் இவர் கோபித்துக்கொள்ளவில்லை. “மேளம்னாலும் இத்த வாங்க மாட்டேம்மா” என்றார்.

குடியிருந்த வீட்டுச் சுவரைத் தட்டி, “இது ஆறு மாசம் தாங்காது” என்று வீட்டுக்காரரிடமே சொன்னார். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் பயந்துபோய்க் காலிசெய்துகொண்டு போனார்கள். அந்தச் சுவர் நான் அந்தப் பேட்டையை விட்டுக் கிளம்பும்வரை எந்தக் குறையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

யார்டில் கூட வேலை செய்தவர் வீட்டுக் கல்யாணம் ஒன்று. சீர் வரிசையில் பித்தளைக் குடம் வைத்திருந்தார்கள். பந்தலில் உட்கார்ந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? எட்டி விரல் முட்டியால் ஒரு தட்டு. “இது ஒட்டு போட்ட குடமாச்சே” என்றார். மாப்பிள்ளை வீட்டார் காதில் அது தெளிவாக விழுந்தது. பெண்ணைப் பெற்றவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புதுக் குடம் வந்த பிறகுதான் தாலி ஏறியது. திரும்பி வரும்போது, “ஏன் அண்ணாத்தே இந்த வேலை?” என்று கேட்டேன். “கொறை கீதுன்னா சொல்லித்தான்பா ஆவணும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அது திருட்டுத்தனம்” என்றார். பெண் வீட்டில் அவரை அதற்கப்புறம் வாசலில்கூடச் சேர்க்கவில்லை.

அவருடைய துரதிர்ஷ்டம், ஒரு தடவை அவர் சொன்னது மிகச் சரியாக இருந்துவிட்டது. வடக்கே புறப்படத் தயாராக நின்ற ஒரு கூட்ஸில் ஒரு சக்கரத்தைத் தட்டிவிட்டு, “இது போவாது” என்று கையைக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தில் நின்றுவிட்டார். அதிகாரி வந்து கத்தினார். கார்டு வந்து கத்தினார். இவர் நகரவில்லை. எண்ணெய் தடவித் துடைத்துப் பார்த்தால், தலைமுடி கனத்துக்குச் சக்கரத்தில் ஒரு கீறல். வண்டி எண்ணூர் தாண்டியிருக்காது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு அதிகாரி அவர் தோளைத் தட்டினார். அன்றிலிருந்து அவரிடம் யாரும் எதைப் பற்றியும் தர்க்கம் பண்ண முடியாமல் போயிற்று.

காது இப்படி. கண் விஷயம் வேறு. சின்ன வயதில் அம்மை போட்டு இடது கண் போய்விட்டது. வலது கண் ஒன்றுதான் பார்வை. அதற்கும் கிட்டப் பார்வை. கனத்த கண்ணாடி வில்லை போட்ட மூக்குக்கண்ணாடியை ராயபுரத்தில் பாய் கடையில் செய்து வாங்கியிருந்தார். தினம் காலையில் குழாயடியில் முகம் கழுவிவிட்டு, அந்த வில்லையையும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, அது டிங்கென்று சொன்ன பிறகுதான் மூக்கில் ஏற்றுவார். ராத்திரி அதை அண்ணி வாங்கி, அரிக்கேன் விளக்குச் சிம்னியைத் தேய்க்கிற அதே சாம்பலால் தேய்த்து, பழந்துணியால் துடைத்து, மாடத்தில் வைப்பார்கள். சிம்னியும் பளபளக்கும், வில்லையும் பளபளக்கும். இத்தனை வருஷமாக இரண்டுக்கும் ஒன்றும் ஆனதில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் சக்கரத்தை அடித்தபோது, விளிம்பிலிருந்து ஒரு இரும்புச் சில்லு தெறித்து நேராக வலது வில்லையில் வந்து அடித்தது. வில்லை நாலாக உடைந்தது. ஒரு துண்டு புருவத்தைக் கிழித்துவிட்டது. அரை விரற்கடை கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும். அவரோ, புருவத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, “பாத்தியா, ஒடையும்போதுகூட நல்ல சத்தம் குடுத்துச்சு” என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

வீட்டில் அண்ணிக்கு அந்தச் சங்கீதம் ரசிக்கவில்லை. உடையாத வில்லை ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்று பாய் கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருந்தார்கள்.

“ஒத்தக் கண்ணுதான்யா கீது உனுக்கு. அதுவும் பூட்டா இன்னா பண்ணுவே? அந்த பிளாஸ்டிக்க வாங்கிப் போட்டுக்க.”

“பிளாஸ்டிக்கா? சீப்பு பண்றாங்களே, சோப்பு டப்பா பண்றாங்களே, அதுவா? நான் இன்னா சோப்பா?”

அண்ணி அதற்குமேல் வாதம் செய்யவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மூலையில் படுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அவருக்கும் சோறு கிடையாது. மாதச் சாப்பாட்டுக்காரனான எனக்கும் கிடையாது. முதல் நாள் நான் நடுநிலைமை வகித்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பிளாஸ்டிக் வில்லையின் மேன்மைகளைப் பற்றி அவரிடம் உருக்கமாகப் பேச ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் காலையில் மூன்று பேரும் பாய் கடைக்குப் போனோம்.

பாய் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வில்லையை எடுத்து வைத்தார். “சீமையிலர்ந்து புச்சா வந்துகீது. மேல எது அடிச்சாலும் ஒடைஞ்சி கண்ணுல பூராது.”

இவர் அதை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்று பாய் எதிர்பார்த்தார். இவர் காதோரம் கொண்டுபோய் நகத்தால் சுண்டினார். டொக்.

“இன்னா பாய், இது செத்துப் போன வில்லையா?”

“வில்லைன்னா பாக்கறதுக்குப்பா. கேக்கறதுக்கு இல்ல.”

“கேட்டாத்தான் உள்ள இன்னா கீதுன்னு தெரியும்.”

பாய் பொறுமைசாலி. வில்லையை வாங்கி சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டார். அது இரண்டு தடவை துள்ளிவிட்டுக் கிடந்தது. எடுத்துக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. கடையில் நின்ற மற்ற ஆட்கள் வாயைப் பிளந்தார்கள்.

“வியுந்தா சத்தம் போடணும் பாய். சத்தம் போடாம வியறதுக்கு அது இன்னா கர்ச்சீப்பா?” என்றார் இவர்.

“பாய், நீ அளவெடு” என்றார்கள் அண்ணி. அத்தோடு பேச்சு முடிந்தது.

பாய் யோக்கியமான வியாபாரி. அளவெடுத்துவிட்டு, “ஒண்ணு சொல்லிடறேன் தங்கச்சி. இது ஒடையாது, ஆனா சீக்கிரம் கீறல் வியும். கண்ணாடி மாதிரி கெட்டி இல்ல. தண்ணி ஊத்தி அலசி மெதுவா ஒத்தி எடுக்கணும்” என்றார்.

“அத்த எங்கிட்ட வுடு பாய். எங்க வூட்டு சிம்னிய வந்து பாரு, மொகம் பாக்கலாம்” என்றார்கள் அண்ணி. பாய் சிரித்தார். சிம்னியை எதைக் கொண்டு தேய்க்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு என்று எனக்குத் தெரியும். என் யோசனையெல்லாம் அதிலேயே இருந்தது.

மூக்குக்கண்ணாடி வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் பழைய சட்டத்தில் மலிவாக ஒரு கண்ணாடி வில்லையைப் போட்டுக்கொண்டு சமாளித்தார். புதியது வந்த அன்று அண்ணி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்திருந்து, தன் கையாலேயே அவர் மூக்கில் மாட்டினார்கள். “எப்டி கீது?” என்றார்கள். “மூக்கு மேல ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது” என்றார். அவர் அகராதியில் அது வசவு. அண்ணி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து தினம் ராத்திரி அண்ணி அதற்குத் தனியாகச் சாம்பல் சலிக்க ஆரம்பித்தார்கள். சிம்னிக்குப் போடுகிற சாம்பல் போதாதாம். புதுப் பொருள் அல்லவா, நைசாகச் சலித்ததாக இருக்க வேண்டுமாம். தேங்காய் நாரில் தோய்த்து, வட்டம் வட்டமாக, பொறுமையாக, உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்ப்பார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். சாப்பிடும்போது அவர் மீன் முள்ளை விரலால் தடவித் தடவி எடுப்பதைக் கவனித்தேன். ரசக் கிண்ணத்தை எடுக்கப்போய்த் தண்ணீர்ச் செம்பில் கையை விட்டார். “தேய்ச்சது பளபளன்னு கீதாய்யா?” என்று அண்ணி கேட்டார்கள். “சூரியன் கணக்கா கீது” என்றார்.

மறுநாள் யார்டில் பார்த்தால் மூக்கில் பழைய சட்டம், நடுவில் மலிவாகப் போட்ட அந்தக் கண்ணாடி வில்லை.

“எங்க அண்ணாத்தே சூரியன்?” என்று கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தேன். வில்லை முழுக்கக் கீறல். மேலே கஞ்சி தெளித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. அதன் வழியாக எதிரில் நின்ற எஞ்சினே சரியாகத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் குடம் ஒட்டு போட்டது என்று சொன்ன மகானுபாவர், சொந்த மனைவி கீறிய வில்லையை மாட்டிக்கொண்டு சூரியன் என்கிறாரே!

“அண்ணிகிட்ட சாம்பல் வேணாம்னு சொல்லிட்டாப் போவுது” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “சொல்லுவியா? ரெண்டு நாளு பட்டினி கெடந்து வாங்கிக் குடுத்துகீறா. தெனம் ஒக்காந்து தேய்க்கிறா, பாத்தே இல்ல? ஒன் கையாலதான் நாசமாச்சுன்னு அவகிட்ட நான் போய் சொல்லவா? வாய மூடிகினு இரு தம்பி.”

“பாய்கிட்ட இன்னொண்ணு வாங்கலாமே.”

“வாங்கினா? அதையும் தேய்ப்பா. எனுக்கும் இதுதான்பா ஒத்து வருது. இது பேசுது” என்று கண்ணாடி வில்லையைச் சுண்டிக் காட்டினார்.

எது எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணி மனசு நோகக் கூடாது என்பது முக்கால் பங்கும் அவருடைய பிடிவாதம் கால் பங்குமாக இருக்கலாம். நேர்மாறாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அன்றிலிருந்து காலையில் யார்டுக்குள் நுழைந்ததும் அவர் நேராக என் மேஜைக்கு வருவார். பிளாஸ்டிக்கை என் இழுப்பறையில் வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். சாயங்காலம் கண்ணாடியை வைத்துவிட்டுப் பிளாஸ்டிக்கை மாட்டிக்கொள்வார். ஆபத்தில்லாத வீட்டில் உடையாத வில்லை. இரும்பு தெறிக்கிற யார்டில் உடைகிற வில்லை. இந்த அபூர்வமான ஏற்பாட்டுக்கு நான் இழுப்பறை கொடுத்து உதவினேன். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் வழி தெரியாமல் தடுமாறக் கூடாதே என்று பக்கத்தில் நடந்தும் போனேன். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கையை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

ஏழெட்டு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் நான் வேகன் நம்பர் எழுதிக்கொண்டு அடுத்த தண்டவாளத்தில் நின்றிருந்தேன். அவர் தட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தை மூடிய விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளே கண்ணாடித் துண்டு ஆழமாகப் போய்விட்டது, இனிப் பார்வை வராது என்று சொன்னார். பார்வை வராது என்பதை மட்டும் போய் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அழவில்லை. “பிளாஸ்டிக் ஒடையாதுன்னு சொன்னாரே தம்பி பாய்?” என்று கேட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள், கட்டிலில் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தவர் முந்திக்கொண்டார்.

“ஒடைஞ்சிடுச்சு. பாய் சொன்னது பொய்.”

குறை தெரிந்தும் சொல்லாமல் இருப்பது திருட்டுத்தனம் என்று சொன்ன மனிதர், இத்தனை சுத்தமாகப் பொய் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு தடங்கல் இல்லை, குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அண்ணி நம்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பாய் கடை வாசலில் போய் நின்று அண்ணி மண்ணை வாரித் தூற்றினார்கள். “உன்ன நம்பித்தானே வாங்கினேன்? தரையில போட்டுக் காட்டினியே பாய், என் புருசன் கண்ணுல போட்டியே!” தெருவே கூடிவிட்டது. பின்னால் நின்ற என்னைப் பாய் பார்த்தார். யார்டில் அவர் போட்டிருந்த கண்ணாடி வில்லை அதே கடையில் செய்ததுதான். உடைந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாய் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, “மன்னிச்சிக்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி போன பிறகு நான் நடந்ததைச் சொன்னேன். “சாம்பல் போடாதேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்” என்று பாய் சொல்லிவிட்டு, அன்றைக்குக் கடையை மத்தியானமே சாத்தினார்.

வேலை போயிற்று. மீஞ்சூரில் அண்ணியின் தம்பி வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. மூட்டை முடிச்சுகளோடு தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் அவர்களை வண்டியேற்றப் போனேன். இழுப்பறையில் கிடந்த பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. யார் கண்ணிலும் படாமல் அவரிடம் கொடுத்துவிடுவதா, கடலில் எறிந்துவிடுவதா என்று தெரியாமல் நாலு நாளாகச் சுமந்துகொண்டிருந்தேன். முந்தின ராத்திரி என் அறையில் அதை மாட்டிப் பார்த்தேன். விளக்கு ஒரு வெள்ளைக் கறையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அதை மாட்டிக்கொண்டுதான் அவர் ஏழெட்டு மாதம் அண்ணி எதிரில் உட்கார்ந்து, பளபளவென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரைக் கைப்பிடித்து ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். எஞ்சின் நீராவி விடுகிற இரைச்சலில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. அண்ணி பிளாட்பாரத்திலேயே என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்கள்.

“உங்கிட்ட மட்டும் சொல்றேன் தம்பி. கண்ணாடி வில்லையே போதும்னு தலையால அடிச்சிகினாரு. நான்தான் பட்டினி கெடந்து பிளாஸ்டிக்க மாட்டி வுட்டேன். அன்னிக்கு கண்ணாடி ஒடைஞ்சப்ப புருவத்தோட போச்சு. நான் வாங்கிக் குடுத்தது கண்ணையே வாங்கிக்கிச்சு. அவரு ஒரு வார்த்த என்ன கேக்கல தம்பி. ஒரு வார்த்த.”

என் கை பைக்குள் போய்விட்டது. மூக்குக்கண்ணாடியின் சட்டம் விரலில் தட்டுப்பட்டது. இதோ அண்ணி, நீங்கள் வாங்கிக் கொடுத்தது முழுசாக இருக்கிறது, அது அவர் கண்ணை எடுக்கவில்லை என்று சொல்லலாம். அப்படியானால் ஏன் அதைப் போடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். வில்லையை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். வட்டம் வட்டமாக அது யார் கை தேய்த்தது என்று அண்ணிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி ஊதியது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் ஏறினார்கள்.

“பாய்கிட்ட நான் ரொம்ப பேசிட்டேன். மனசுல வெச்சிக்க வேணாம்னு சொல்லிடு தம்பி. தப்பு அவரு மேல இல்ல.”

“சொல்றேன் அண்ணி” என்றேன்.